வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஜூன் 3

அன்புள்ள அக்கா,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மணி ஒன்றரை ஆகிறது. பகலில் பேனாவை எடுத்தால் யாருக்கு, என்ன விஷயம் என்று கேட்க இப்போது வீட்டில் ஆள் இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று முன்தினம் காலை ஒரு தச்சர் வந்தார். என் கணவர் அனுப்பினாராம். சமையலறை ஜன்னல் மழையில் உப்பிப்போய் மூடவே மாட்டேன் என்கிறது, அதற்குத்தான் என்று நினைத்து ஜன்னலைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் படுக்கையறைக் கதவுக்குப் போய், வெளிப்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்ற ஆரம்பித்தார். எதற்கு என்று கேட்டேன்.

"குழந்தை மாட்டிக்கும், கழட்டிடுன்னு சார் சொன்னாரும்மா," என்றார். அப்புறம் கையை நிறுத்திவிட்டு அவரே யோசித்தார். "ஆனா தாழ்ப்பாள் வெளியில இருக்கு. குழந்தை உள்ள இருக்கும். அது எப்படிம்மா தானா மாட்டிக்கும்?"

எனக்குப் பதில் தெரியும். கழற்றிய தாழ்ப்பாளை ஒரு செய்தித்தாளில் சுற்றி, பத்திரமா வைங்க, பித்தளை, என்று என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

மாலையில் கணவரிடம் கேட்டேன். லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதர். ஊரையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு, தான் மட்டும் மூன்று மாடி நடந்து ஏறி வருகிறவர். தினமும் அதைச் சொல்லிக் கேலி செய்வேன். அன்று செய்யவில்லை. அவர் காலணியைக் கழற்றிக்கொண்டே, நிமிராமல் பேசினார். அவர் அம்மா போன் செய்தார்களாம். வியாழக்கிழமை ஜெபக் கூட்டத்தில் எனக்காக ஜெபித்தார்களாம்.

"என்னன்னு ஜெபிச்சாங்களாம்?"

"நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டார், படுத்துவிட்டார்.

நேற்று அத்தை வந்து இறங்கிவிட்டார்கள். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறார்கள். இரண்டு நாளுக்கு எதற்கு இரண்டு பெட்டி என்று கேட்க எனக்கு வாய் இல்லை. என்னைத் திட்டவில்லை அக்கா. திட்டினால் தேவலை. நான் மடியில் வைத்துப் பொத்தானுக்கு ஊட்டும்போது எதிரே வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். நான் குளிக்கப் போனால் அவளைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். திரும்பக் கொடுக்கும்போது ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி நான் ஒரே ஒருவருக்குத்தான் எழுதினேன். ஜனவரியில் நாம் பேசிக்கொண்டது உங்களுக்கு மறந்திருக்காது. மாதம் ஒரு குணம். ஆண்டவருக்குப் பிரியமான குணம் ஒன்றை எடுத்துக்கொண்டு மாதம் முழுக்கப் பழகுவது. மாதக் கடைசியில், தோற்றிருந்தால் தோற்றேன் என்று ஒருவருக்கொருவர் எழுதுவது. போனெல்லாம் வேண்டாம், காகிதம்தான், அதில் மூன்றாவது கண் படக்கூடாது என்று சொன்னவர் நீங்கள். மே மாதக் குணம் சாந்தம். நான் எப்படித் தோற்றேன் என்று ஒளிக்காமல் எழுதினேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்தை நடத்துவது நீங்கள். அத்தை அங்கே இரண்டாவது வரிசையில் உட்காருவார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

என் கடிதத்தை என்ன செய்தீர்கள் அக்கா?

கொசு

*

ஜூன் 8

கர்த்தருக்குள் அன்பான கொசுவுக்கு,

உன் கடிதம் கடைக்கே வந்துவிட்டது. ஒரு பெரியவருக்குக் கண்ணாடி சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சட்டத்தை அவர் மூக்கில் வைத்தபடியே மறந்துபோய்க் கடிதத்தைப் படித்திருக்கிறேன். "எனக்குக் கடைசி வரி வரைக்கும் தெரியுதும்மா, உனக்குத்தான் ஏதோ தெரியல போல," என்றார். நம் விடுதியிலே அப்போது நீ வாய்க்குள் முணுமுணுத்துப் படிப்பாயே, கொசு கொசு என்று எல்லோரும் அடிக்க வருவோமே, அந்தக் குரல்தான் கடிதம் முழுக்கக் கேட்டது. இந்தத் தடவை கடித்தும் விட்டாய்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். உன் கடிதம் என் பெட்டியில் பூட்டித்தான் இருக்கிறது. யாருக்கும் காட்டவில்லை. பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. "ஓர் இளம் தாய்" என்று மட்டும்தான் ஜெபக் குறிப்பு வைத்தேன். பத்துப் பதினைந்து பெண்கள் உனக்காக முழங்காலில் நின்றார்கள். அதைப் போய் நான்கு பேர் கூடிப் பேசுகிற பேச்சோடு சேர்த்துவிடாதே. பாரம் சுமக்கிறவளுக்காகச் சபை ஜெபிக்காமல் வேறு யார் ஜெபிப்பது?

உன் மாமியார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு ஆண்டவர் உணர்த்தியிருக்கலாம். அந்தத் தாய்க்குத் துணையாக ஓர் ஆளை அனுப்பும் என்றுதான் ஜெபித்தோம். ஆள் வந்துவிட்டது. நீயோ அதைத் தண்டனை என்கிறாய்.

உன் கணவர் தாழ்ப்பாளைக் கழற்றியதிலும் தப்பில்லை. அவர் இடத்தில் இருந்து யோசித்துப் பார்.

இந்த மாதத்துக்கு நாம் எழுதிவைத்திருக்கும் குணம் நீடிய பொறுமை. கோபத்தில் இருக்கும்போது எழுதாதே. மாதக் கடைசியில் எழுது.

உன் அக்கா

*

ஜூன் 12

அக்காவுக்கு,

"அன்புள்ள" என்று எழுதிவிட்டு அடித்தேன். பிறகு காகிதத்தையே மாற்றினேன், அடித்தது தெரிய வேண்டாம் என்று. இப்போது தெரியட்டும் என்று தோன்றுகிறது.

நேற்று அத்தையோடு உட்கார்ந்து பட்டாணி உரித்தேன். நானாகத்தான் கேட்டேன், அன்றைக்கு என்னதான் ஜெபித்தார்கள் என்று. அத்தைக்குப் பொய் சொல்ல வராது. அப்படியே சொன்னார்கள்.

"எங்க எல்லாருக்கும் அழுகையே வந்துருச்சும்மா. அவ ஜெபிச்சா அப்படித்தான். 'பச்சப்பிள்ளையை அறைக்குள்ள பூட்டிட்டு வீட்டை விட்டு வெளிய போற தாய்க்கு இரங்கும் ஆண்டவரே'ன்னா. யாரு பெத்த பொண்ணோன்னு நானும் அழுதேன். கடைசியில, 'அந்தப் பொத்தானை உமது கையில் வைத்துக்கொள்ளும்'னா. நான் கண்ணைத் திறந்துட்டேன். அவளும் திறந்து என்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தா."

பொத்தான். பிறந்தபோது இவ்வளவுண்டு இருக்கிறாளே, சட்டையில் வைத்துத் தைத்துவிடலாம் போல என்று மருத்துவமனையில் நீங்கள் வைத்த பெயர். எங்கள் வீட்டையும் உங்களையும் தவிர அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பெயர் சொல்லவில்லை என்று எழுதினீர்களே. வாய் தவறி வந்தது என்றே வைத்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் கண்ணைத் திறந்து யாரைப் பார்த்தோம் என்பதும் மறந்துபோய்விட்டதா? அத்தைக்கு ஆண்டவர் உணர்த்தினாராம். ஆண்டவர் மேல் ஏன் பழியைப் போடுகிறீர்கள்?

நான் எழுதியதை உங்களுக்கே இன்னொரு தடவை எழுத வேண்டியிருக்கிறது. காலையிலிருந்து பல் முளைக்கிற வலியில் கத்திக்கொண்டிருந்தாள். தூக்கினாலும் கத்தல், இறக்கினாலும் கத்தல். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் என் கன்னத்தைப் பிறாண்டினாள். என் கை மேலே போனது. அது மேலே போனதை நான் பார்த்தேன் அக்கா, வேறு யாருடையதோ போல. அவள் மேல் இறக்கவில்லை. அவளைப் பாயின் நடுவில் விட்டேன். சுற்றித் தலையணை வைத்தேன். முனை இருக்கிற ஸ்டூலை வெளியே எடுத்துப் போட்டேன். வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன். என்னை நம்பாமல்தான் போட்டேன். வாசல் கதவைத் திறந்தே வைத்து, அவள் சத்தம் கேட்கிற மாதிரி முதல் படியில் உட்கார்ந்து அறுநூறு வரைக்கும் எண்ணினேன். எண்ணி முடித்ததும் உள்ளே போய்த் தூக்கினேன்.

இதில் உங்கள் ஜெபத்தில் எவ்வளவு வந்தது? பூட்டினாள், வெளியே போனாள். நான் ஏதோ ஊர் சுற்றப் போனவள் மாதிரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 22ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள். அத்தைக்கும் பொத்தானுக்கும். எனக்கு இல்லை. "ஒரு ஆறு மாசம் எங்ககிட்ட இருக்கட்டும்மா, உனக்கும் ஓய்வா இருக்கும்," என்கிறார்கள், அவ்வளவு அன்பாக. கணவர், கொஞ்ச நாள்தானே என்கிறார். பதினோரு மாதக் குழந்தை. இன்னும் பால் மறக்காதவள். ஆறு மாதம் கழித்து என்னைப் பார்த்தால் யாரோ என்று அழுவாள்.

நடந்ததை அவரிடம் சொன்னேன். கையை ஓங்கியதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் இப்போது சொல்கிற எதுவும் தப்பிப்பதற்காகச் சொல்கிற மாதிரி இருக்கிறது. சொல்லும்போது என் காதுக்கே அப்படித்தான் கேட்கிறது. மாட்டிக்கொள்வதற்கு முன்னால், யாரும் கேட்காமல் நானாகச் சொன்னது அந்த ஒரு கடிதத்தில்தான் இருக்கிறது. எனக்கு அது வேண்டும். என் கையெழுத்தில், மே 24 தேதி போட்டு, அப்படியே. 22க்கு முன்னால் அனுப்புங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஜனவரிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. உண்மை என்ற குணத்துக்கு நீங்கள் எழுதியது. அவ மாதிரி ஜெபிக்க ஆள் கிடையாது என்று அத்தை பட்டாணியை உரித்துக்கொண்டே சொன்னபோது, அந்தக் கடிதம் என் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

பொத்தானின் அம்மா

*

ஜூன் 16

என் கொசுவுக்கு,

உன் மே மாதக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். தபாலை நம்பாமல் கூரியரில் அனுப்புகிறேன். பத்தொன்பதாம் தேதிக்குள் வந்துவிடும் என்றான் அந்தப் பையன். மடிப்பு நைந்திருக்கும். பல தடவை படித்திருக்கிறேன்.

நேற்றே அனுப்பியிருக்கலாம். நேற்று இரண்டு பதில் எழுதினேன். இரண்டிலும் நான் நல்லவளாக இருந்தேன். கிழித்துவிட்டேன்.

உன் மாமியார் சொன்னது சரி. பெயரைச் சொன்னேன். கண்ணைத் திறந்தேன். அவர்களைப் பார்த்தேன். உனக்கு எழுதும்போது அது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

ஜனவரியில் எழுதினேன் இல்லையா, தனியாக முழங்காலில் நின்றால் எனக்கு ஒரு வார்த்தையும் வருவதில்லை, ஒரு வருஷமாகச் சும்மா நின்றுவிட்டு எழுந்து வருகிறேன் என்று. நீ பயந்துபோய், போகப் போகச் சரியாகிவிடும் அக்கா என்று பதில் போட்டாய். அதில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. கூட்டத்தில் வரும். எதிரில் ஆள் இருந்தால் வரும். அன்றைக்கு அதுவும் வரவில்லை. ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு மகன் வேலை, ஒருவர் வீட்டில் குழாய் ரிப்பேர் என்று குறிப்பு கொடுத்தார்கள். ஜெபித்தேன். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், பின்னால் யாரோ பையைத் திறந்து சில்லறை தேடுகிறார்கள். அப்போது உன் கடிதம் வாயில் வந்தது. பூட்டிய அறை என்று சொன்னதும் அந்தச் சத்தம் நின்றது. எல்லோரும் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. உனக்காகத்தான் ஜெபிக்கிறேன் என்று அப்போது நம்பினேன். இப்போது யோசித்தால், அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. பொத்தான் என்றேன்.

கையை ஓங்கியதை ஏன் விட்டேன் என்று கேட்பாய். உன் மானத்தைக் காப்பாற்ற என்று சொல்லிக்கொண்டேன். அதைச் சொன்னால் நீ இறக்காமல் நிறுத்தியதையும் சொல்ல வேண்டும், தலையணை, ஸ்டூல், அறுநூறு எல்லாம் சொல்ல வேண்டும். அப்புறம் அழ ஒன்றும் இருந்திருக்காது.

இந்த வியாழன் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். எப்படி ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நன்றாக வந்தது. அதனால் போகப் போவதில்லை. தொண்டை கட்டியிருக்கிறது, நடத்த முடியாது என்று சொல்லிவிட்டேன். அது பொய். எந்த மாதத்துக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

உன் கணவருக்கு ஒரு பக்கம் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். நீ முதலில் படி. வேண்டாம் என்றால் கொடுக்காதே.

ஜனவரிக் கடிதத்தை நீ என்ன செய்தாலும் நான் கேட்க மாட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அக்கா

*

ஜூன் 24

அக்கா,

கூரியர் இருபதாம் தேதி மாலைதான் வந்தது. இரண்டு நாள்தான் மீதி. அதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவைத் திறந்து பார்த்ததில், மேல் வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நீங்கள் அவருக்கு எழுதிய பக்கத்தைப் படித்தேன். கொடுக்கவில்லை. நன்றாக இருந்தது, அதனால்தான். என் கடிதத்தை மட்டும் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார். தேதியைப் பார்த்தார். முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். பிறகு போய் வாசல் கதவைத் திறந்து, முதல் படியில் உட்கார்ந்து, அங்கிருந்து படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். லிஃப்ட் எங்கே நிற்கிறது என்று கீழே இருந்து கணக்குப் போடுவாரே, அப்படி.

"இங்க உக்காந்தா அவ சத்தம் கேக்குமா?"

"மூச்சு விடுறது கூடக் கேக்கும்."

எழுந்திருக்காமலே, "இதை என்கிட்ட எழுதியிருந்தா நானும் இப்படி உக்காந்து பாத்திருப்பேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது. மூன்று அடி தள்ளிப் படுத்திருக்கிறவரிடம் சொல்லாததை, அவ்வளவு தூரத்தில் இருக்கிற உங்களுக்குக் காகிதமும் உறையும் வாங்கி எழுதியிருக்கிறேன். அந்தத் துரோகத்தை நான் யார் மேல் போடுவது?

அத்தை 22ஆம் தேதி தனியாகத்தான் போனார்கள். பொத்தானின் சட்டைகளை அவர்கள் பெட்டியிலிருந்து நான்தான் எடுத்து மடித்து வைத்தேன். இரண்டாவது பெட்டியில் பாதிக்கு மேல் அவள் துணிதான். அத்தைக்கு மனசு ஆறவில்லை. எனக்கும்தான். ஆனாலும் போகும்போது அவளை என் கையில் கொடுத்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை, குழந்தையைத்தான் பார்த்தார்கள்.

நேற்று அந்தத் தச்சரை நானே கூப்பிட்டேன். செய்தித்தாளைப் பிரித்துத் தாழ்ப்பாளைக் கொடுத்து, இருந்த இடத்திலேயே மாட்டச் சொன்னேன். என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "கழட்டுன்னாரு சாரு, மாட்டுன்னு நீங்க சொல்றீங்க. நடுவுல எனக்கு ரெண்டு கூலி," என்று சிரித்தார். பழைய துளைகளில் ஸ்க்ரூ நிற்கவில்லை. சும்மா சுற்றியது. வேறு இடத்தில் துளை போடட்டுமா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் என்னிடம் ஒரு தீப்பெட்டி கேட்டு வாங்கி, குச்சிகளின் மருந்தை உடைத்துப் போட்டுவிட்டு, பசை தொட்டு ஒவ்வொரு துளையிலும் இரண்டிரண்டாகத் திணித்து, நீட்டிக்கொண்டிருந்ததைச் சீவிவிட்டு, அதன் மேலேயே முறுக்கினார். பிடித்துக்கொண்டது. இன்றைக்கு ஒரு நாள் இழுக்காதீங்க, பசை காயணும், என்றார். நான் இன்னும் தொடவில்லை.

எனக்கு அந்தத் தாழ்ப்பாள் வேண்டும். சாந்தம் எனக்கு எப்போதாவது வரும் என்று நம்புகிறேன். வருகிற வரைக்கும் அது இருக்கட்டும். இனிமேல் போட்டால் அன்று மாலையே அவரிடம் சொல்வதாகப் பேச்சு.

உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. ஜனவரிக் கடிதத்தைப் பற்றி வாயைத் திறக்கவே இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. முழுப் பொய் இல்லை. அத்தை கிளம்புகிற அன்று பெட்டியை மூடிக்கொண்டே, "என்ன இருந்தாலும் அவ ஜெபிக்கிற பொண்ணு, அவமேல மனசுல எதையும் வெச்சுக்காத," என்றார்கள். "ஜெபிக்கிறாங்களா அத்தை?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். ஏன் அப்படிக் கேக்குற என்றார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் பேசாமல் இருந்தேன், அவர்களுக்குப் புரிகிற வரைக்கும். என்ன என்று தெரியாது, ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டு போயிருக்கிறார்கள். நீங்கள் ஒரு பெயரைச் சொன்னீர்கள். நான் ஒன்றுமே சொல்லாமல் அதையே செய்தேன். பார்க்கப்போனால் என்னுடையது கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் கூட. யாரும் குறை சொல்ல முடியாது.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தில் எழுத வரவில்லை. எழுதினால் அழகாக முடிந்திருக்கும். நீங்கள் கண்ணைத் திறந்து அத்தையைப் பார்த்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பெட்டி மூடியை அழுத்திக்கொண்டு நான் பேசாமல் நின்றதை நினைத்தாலும் எரிகிறது.

ஜனவரிக் கடிதத்தை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. உங்களுடையது உங்களிடம், என்னுடையது என்னிடம் இருக்கட்டும். ஜூலைக்கு என்ன குணம் என்று பட்டியலை எடுத்துப் பார்க்கவில்லை.

நாளை மறுநாள் வியாழன். அத்தை கூட்டத்துக்குப் போவார்கள், இரண்டாவது வரிசையில் உட்காருவார்கள். நீங்கள் போனால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதற்குக் காரணம் நான்தான்; வேறு யாரையும் சந்தேகப்படாதீர்கள். இந்தக் கடிதம் உங்களுக்கு அதற்கு அப்புறம்தான் கிடைக்கும், அதற்காகவும் மன்னியுங்கள்.

அங்கே என்ன நடந்தது, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

கொசு